கடல் நுரை என்பது நுரைதானா? கரை ஒதுங்குபவை பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி – கடலோரப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் பாதிக்குமேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அறிவியல் கண்காட்சியில் 'கரையில் கிடைத்தவை' என்று ஒரு மேசை வைக்கலாம் என்று சொன்னேன். இரண்டே நாளில் மேசை நிரம்பிவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் அது என்ன என்பதை அவரவரே விசாரித்து ஓர் அட்டையில் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அந்த அட்டைகளைப் படித்த பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது.

ஒரு மாணவன் உள்ளங்கை நீளத்தில், முனைகள் குவிந்த, வெள்ளை வெளேரென்ற பொருள் ஒன்றை வைத்து, "கடல் நுரை. அலையின் நுரை வெயிலில் காய்ந்து இறுகி உண்டாவது" என்று எழுதியிருக்கிறான். என் பாட்டியும் இதே பொருளை இதே பெயரில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி உரைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அவன் எழுதியது தவறு என்று சொல்லத் துணிவு வரவில்லை. சரி என்று ஒப்புக்கொள்ளவும் மனம் இடம் தரவில்லை.

மற்ற அட்டைகளில் இருந்தவை இவை: மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும். திமிங்கலம் எடுத்த வாந்தி கோடிக்கணக்கில் விலை போகும். செத்த சொறி (ஜெல்லி மீன்) ஒன்றும் செய்யாது. கடல் பாம்புக்கு வாய் சிறியது என்பதால் அதனால் மனிதரைக் கடிக்க முடியாது. கடைசி இரண்டும் உண்மையா என்று உடனடியாகத் தெரிய வேண்டும், ஏனெனில் இந்தப் பிள்ளைகள் வெறுங்காலோடு கரையில் விளையாடுகிறவர்கள். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – விலங்கியல் கற்பிப்பவர்

அம்மா, தங்கள் மாணவன் வைத்திருப்பது நுரையன்று. அது ஓட்டுக் கணவாய் என்னும் மெல்லுடல் கடல்விலங்கின் உள் ஓடு. அந்த ஓட்டை உடலுக்குள் வைத்திருப்பதால்தான் மீன் சந்தையில் அதற்கு அப்படிப் பெயர். ஊசிக் கணவாய்க்கு அந்த இடத்தில் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தகடு மட்டும் இருக்கும். பேய்க் கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, ஓடே கிடையாது. கணவாய் விற்கும் அம்மாவிடம் ஓட்டுக் கணவாய் ஒன்றைப் பிள்ளைகள் முன்னிலையில் சுத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள். முதுகுத் தோலைக் கீறியவுடன் முழு ஓடும் அப்படியே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சந்தையில் கழிவோடு வீசப்படும் அதே பொருள்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று எடைபோட்டு விற்கப்படுகிறது. கூண்டில் கிளி வளர்ப்பவர்களும் அலகு தீட்டவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும் அதைத்தான் வாங்கித் தொங்கவிடுகிறார்கள்.

பெயர் ஏன் அப்படி வந்தது என்று யோசித்தால் நம் முன்னோரைக் குறை சொல்லத் தோன்றாது. கணவாயின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டு அல்லது இரண்டாண்டுதான். முட்டையிட்ட பின் அது இறந்துவிடும். உடல் அழுகிக் கரைந்ததும் ஓடு மட்டும் மிதந்து, அலையோடு வந்து, நுரை படியும் அதே வரிசையில் மணலில் ஒதுங்கும். காலையில் கரைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் நுரையும், நுரை வடிந்த இடத்தில் வெள்ளையாக இந்தப் பொருளும் படுகின்றன. கையில் எடுத்தால் எடையே இல்லை, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. உயிரோடு இருந்த விலங்கைக் கண்ணால் காணாதவர் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்?

உண்மை அந்தக் கற்பனையைவிட வியப்பானது. ஓட்டைக் குறுக்கே ஒடித்து ஒரு கைலென்ஸால் பாருங்கள். மாடிக் கட்டடத்தைக் குறுக்கே வெட்டியதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய தளங்களும், தளத்தைத் தளத்தோடு தாங்கும் நுண்ணிய தூண்களும் தெரியும். கணவாய் வளர வளரப் புதிய தளங்களைக் கட்டிக்கொண்டே போகிறது. இந்த அறைகளில் ஒரு பகுதி நீர்மமும் ஒரு பகுதி வாயுவும் இருக்கும். நீர்மத்தை வெளியே இழுத்தால் கணவாய் லேசாகும், உள்ளே விட்டால் கனக்கும். மீன்கள் காற்றுப் பையைக் கொண்டு செய்யும் வேலையைக் கணவாய் இந்தச் சுண்ணாம்பு மாடியைக் கொண்டு செய்கிறது. வாயு நிரம்பிய அறை என்பதால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு: வகைக்கு ஏற்ப ஏறத்தாழ 200 முதல் 600 மீட்டருக்குக் கீழே போனால் நீரின் அழுத்தம் தாங்காமல் ஓடு நொறுங்கிவிடும்.

ஒரு சோதனையும் செய்யலாம். ஓட்டின் ஒரு துண்டின்மேல் எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். அது கால்சியம் கார்பனேட் என்பதால் குமிழி விட்டுப் பொங்கும்.

திமிங்கல வாந்திக்கு வருகிறேன். நாளிதழ்கள் 'திமிங்கல உமிழ்நீர்' என்றும் 'வாந்தி' என்றும் மாற்றி மாற்றி எழுதும் அம்பர்கிரிஸ் இரண்டுமே அன்று. அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள், இங்கும் காரணம் கணவாயே. இந்தத் திமிங்கலத்தின் முக்கிய உணவு ஆழ்கடல் கணவாய். கணவாயின் உடல் முழுவதும் செரித்தாலும் கிளியின் மூக்குப் போன்ற அதன் கடினமான அலகு செரிப்பதில்லை. பெரும்பாலான அலகுகளைத் திமிங்கலம் அவ்வப்போது வாந்தியாக வெளியேற்றிவிடுகிறது. அப்படி வெளியேறாமல் குடலுக்குள் இறங்கிவிட்ட அலகுகளைச் சுற்றித்தான், மிகச் சில திமிங்கலங்களில் மட்டும், இந்த மெழுகு போன்ற பொருள் சேர்ந்து கட்டியாகிறது. வாந்தியாக வராமல் தங்கியதைத்தான் நாம் வாந்தி என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

விலையைப் பற்றி அட்டையில் எதுவும் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடலோரத்து இளைஞர்கள் பலர் இந்தக் 'கோடி ரூபாய்' பேச்சை நம்பிச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். கரையில் அப்படி ஒரு கட்டி கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுவதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மை.

மறுமொழி – இராமநாதபுரம் மருத்துவர்

ஆசிரியை அவர்கள் கடைசி இரண்டு அட்டைகளைப் பற்றிக் கவலைப்பட்டது மிகவும் சரி. அவற்றை இன்றே எடுத்துவிடுங்கள்.

செத்த சொறி கொட்டும். புத்தகத்தில் இழுதுமீன் அல்லது ஜெல்லி மீன் என்று படிக்கும் இந்த விலங்குக்கு மூளையும் இல்லை, இதயமும் இல்லை. அதன் உடலில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். கொட்டுவது என்பது அது நினைத்துச் செய்யும் செயலன்று. அதன் இழைகளில் எண்ணற்ற நுண்ணிய கொட்டும் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் சுருட்டி அடைத்த ஒரு நஞ்சூசி, தொட்டவுடன் தானாகத் தெறித்துப் பாயும்படி காத்திருக்கிறது. விலங்கு இறந்தாலும், இழை அறுந்து தனியாகக் கிடந்தாலும், இந்தச் செல்கள் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில்கூட வேலை செய்யும். சென்னைக் கடற்கரைகளில் சில பருவங்களில் ஒதுங்கும் 'புளூ பாட்டில்' விஷயத்தில் இது இன்னும் முக்கியம். நீல நிறத்தில் ஊதிய பலூன் போல் அழகாக இருப்பதால் குழந்தைகள் ஓடிப்போய் எடுக்கிறார்கள். அது ஜெல்லி மீனும் அன்று, தனி ஒரு விலங்கும் அன்று. மிதப்பதற்கு, இரை பிடிப்பதற்கு, செரிப்பதற்கு, இனம் பெருக்குவதற்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டு ஒட்டி வாழும் பல சிற்றுயிர்களின் கூட்டம் அது.

சொறி பட்டால் சிறுநீர் விடுவது, மண்ணைப் போட்டுத் தேய்ப்பது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது ஆகிய மூன்றையும் செய்யக் கூடாது. இவை இன்னும் வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கும் செல்களையும் வெடிக்கச் செய்துவிடலாம். கடல்நீராலேயே கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். பிறகு, தோல் பொறுக்கும் அளவு சூடான, சுமார் 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் புளூ பாட்டில் கொட்டிய வலி தணியும். பெட்டி வடிவச் சொறிக்கு வினிகர் உதவும். மூச்சுத் திணறலோ, நெஞ்சு அடைப்போ, உடல் முழுவதும் தடிப்போ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

கடல் பாம்பைப் பற்றிய நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. பல கடல் பாம்புகள் எளிதில் கடிப்பதில்லை என்பதும், கடித்தாலும் பல வேளைகளில் நஞ்சை இறக்குவதில்லை என்பதும் உண்மைதான். அந்த உண்மையிலிருந்துதான் 'வாய் சிறியது, கடிக்க முடியாது' என்ற பொய் வளர்ந்திருக்க வேண்டும். அவற்றால் மனிதரைக் கடிக்க முடியும். கடிபட்டு இறந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் கடிபடுவோர் வலையைப் பிரிக்கும் மீனவர்கள். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. அதுவே ஆளை ஏமாற்றிவிடும். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலியும் விறைப்பும் தொடங்கும், இமை கனத்துத் தொங்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். நஞ்சு தசையைச் சிதைக்க, சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடுவதன் அடையாளம் அது.

இந்திய மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடப்படும் முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்பின் நஞ்சு அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே சிகிச்சை என்பது சிறுநீரகத்தையும் மூச்சையும் காப்பாற்றி நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதே. சீக்கிரம் வந்தவர் பிழைப்பார். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கையில் இரண்டு ஊசிக்குத்துப் போன்ற புள்ளிகளோடு விடியற்காலையில் ஒருவரை அழைத்து வந்தார்கள். "முள் குத்தியது என்று நினைத்துக் கரைக்கு வந்து தூங்கிவிட்டேன்" என்றார். நான்கு முறை டயாலிசிஸ் செய்த பிறகே அவர் வீடு திரும்பினார். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, கீறாமல், வாய் வைத்து உறிஞ்சாமல் உடனே கொண்டுவாருங்கள் என்பதைப் பிள்ளைகள் வழியாக அவர்கள் அப்பாக்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

மறுமொழி – சங்கு குளித்தவர் மகன், தூத்துக்குடி

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கரையில் துவண்டு கிடக்கும் கடல் பாம்பைச் செத்தது என்று நினைக்கக் கூடாது. நிலத்துப் பாம்புக்கு வயிற்றில் அகன்ற செதில்கள் இருப்பதால் அது தரையைப் பற்றி ஊர்கிறது. கடல் பாம்புகள் பலவற்றுக்கு அந்த அகன்ற செதில் கிடையாது. துடுப்புப் போன்ற தட்டை வால்தான் உண்டு. ஆகவே அலை கொண்டுவந்து போட்டால் கயிறு போலக் கிடக்கும். தொட்டால் திரும்பும்.

முத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன். என் அப்பா இளமையில் சங்கு குளித்தவர். முத்துச் சிப்பி கிடக்கும் இடத்தை எங்கள் பக்கம் 'பார்' என்போம். மன்னார் வளைகுடாவில் அந்தப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. சிப்பி அங்கே நார் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. மேலே மிதந்து வந்து வாயைத் திறந்து மழைத்துளியை ஏற்க அதனால் எப்படி முடியும்? கடலில் இறங்கியவர்கள் யாரும் அந்தக் கதையை நம்பியதில்லை என்று அப்பா சொல்வார்.

ஆனால் மழைத்துளிக் கதையை விட்டவர்கள் பலர் மணல் கதையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மணல் துகள் உள்ளே போய் உறுத்தினால் முத்தாகும் என்று பாடப்புத்தகங்களே எழுதியிருக்கின்றன. ஆனால் உள்ளே புகும் மணலை வெளியே தள்ளச் சிப்பிக்குத் தெரியும். ஓட்டுக்குள் பளபளப்பான பூச்சைச் சுரப்பது மேலாடை என்னும் மெல்லிய தசைப் போர்வை. ஒட்டுண்ணிப் புழு துளைத்தோ வேறு காயத்தாலோ அந்தப் போர்வையின் செல்கள் சில இடம்பெயர்ந்து சதைக்குள் புகுந்தால், அங்கே ஒரு சிறு பையாக வளர்ந்து, ஓட்டுக்குப் பூசவேண்டிய பூச்சை உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பூசுகின்றன. அதுவே முத்து. இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1973-இல் எங்கள் தூத்துக்குடியில்தான் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்தியாவில் முதன்முதலாகக் கடல் சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். ஓட்டால் செய்த சிறு மணியோடு, வேறொரு சிப்பியின் மேலாடையிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் சேர்த்து வைப்பதே அந்த முறை. அந்தத் துண்டு இல்லாமல் மணியை மட்டும் சதைக்குள் வைத்தால் முத்துப் பூச்சு வராது.

மேசையில் சங்கு இருந்தால், ஒரு செய்தியை அட்டையில் சேர்த்துவிடுங்கள். நாம் வலம்புரி என்பதை விலங்கியலார் இடச்சுருள் என்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி. அவர்கள் சங்கின் கூர்முனைச் சுருளை மேலே பிடித்துப் பார்க்கிறார்கள். அப்போது வாய் இடப்பக்கம் இருக்கும். நாம் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறோம்; வாய் வலப்பக்கம் வந்துவிடும். நம் கடல் சங்கில் வலம்புரி மிகமிக அரிதாகவே பிறக்கும். அதனால்தான் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் வேறொரு நத்தை இனத்தின் ஓடு இங்கே வலம்புரி என்ற பெயரில் விலை போகிறது. அந்த இனத்துக்கு இயல்பாகவே சுருள் அந்தப் பக்கம்தான். வேறுபாட்டை அப்பா விரலை உள்ளே விட்டுக் காட்டுவார்: நம் சங்கின் உள் தூணில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகத் தட்டுப்படும், அந்த அயல்நாட்டு ஓட்டின் தூண் வழவழப்பாக இருக்கும். என் அத்தை தன் சேமிப்பையெல்லாம் கொடுத்து ஒரு கடையில் வாங்கி வந்த வலம்புரியில் அப்பா விரலை விட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஆசிரியை

தங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கொட்டும் சொறியையும் கடல் பாம்பையும் பற்றிய அட்டைகளை நேற்றே எடுத்துவிட்டேன். மருத்துவர் ஐயா எழுதியதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளி வாயிலிலும் ஒட்டியிருக்கிறோம். ஒரு மாணவி மட்டும் ஓர் ஐயம் கேட்டாள். முட்டையிட வரும் ஆமை அழுவதை அவளே கண்டதாகவும், வலி தாங்காமல் அழுகிறது என்று வீட்டில் சொன்னதாகவும் கூறினாள். அது உண்மையா?

மறுமொழி – விலங்கியல் கற்பிப்பவர்

அவள் கண்டது உண்மை. காரணம் மட்டும் வேறு. கடலாமையின் உடலில் உணவோடும் நீரோடும் சேரும் மிகுதியான உப்பை அதன் சிறுநீரகத்தால் முழுவதும் வெளியேற்ற முடியாது. கண்ணருகே உள்ள சுரப்பிதான் அந்த வேலையைச் செய்கிறது. சுரக்கும் நீர் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. கடலுக்குள்ளும் ஆமைக்கு அந்தக் கண்ணீர் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. நீருக்குள் நீர் நமக்குத் தெரிவதில்லை. கரைக்கு வந்த பிறகு கன்னத்தில் மணல் ஒட்டி வழிவதால் தெரிகிறது. கண்ணில் படும் மணலைக் கழுவவும் அது பயன்படுகிறது. நள்ளிரவில் ஆமையை நின்று பார்த்த அந்தப் பிள்ளையை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். அடுத்த முறை டார்ச் அடிக்காமல் பார்க்கவும் சொல்லுங்கள்; வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

ஆசிரியை

சொல்லிவிட்டேன், ஐயா. இன்று காலை கணவாய் விற்கும் அம்மாவே வகுப்புக்கு வந்து ஓட்டை உருவிக் காட்டினார். அட்டை எழுதிய மாணவன் தன் 'கடல் நுரை'யை ஒடித்து லென்ஸ் வைத்துப் பார்த்து, "மாடி மாடியாக இருக்கிறது" என்று எல்லோரையும் அழைத்தான். பிறகு எலுமிச்சைச் சாற்றை விட்டோம். வெள்ளையாகப் பொங்கியதும் அவன் நிமிர்ந்து, "இப்போதுதான் டீச்சர் நுரை வருகிறது" என்றான்.